திரையில் ஐந்தாவது வரி

தாணு விடியுமுன் எழுந்தான். மோட்டாரைப் போட்டான். தொட்டி நிறையும் வரை பக்கத்திலேயே நின்றான். எழுந்தவுடன் குளித்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அதற்கப்புறம். சாரல் காலத்துத் தண்ணீர் எலும்பில் இறங்கியது. தலையைத் துவட்டிக்கொண்டு பாலை அடுப்பில் வைத்தான். ஒரு ஆளுக்கான பால். காப்பியைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். நேற்றுத் துவைத்த சட்டை காயவில்லை. ஈரத்தோடு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

சட்டைப் பையில் மில்லிலிருந்து தபாலில் வந்த நோட்டீஸ் இருந்தது. அவன் பெயருக்கு வந்ததல்ல, அவன் மனைவி பெயருக்கு வந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் நீங்கள் தொடர்ந்து வேலைக்கு வரவில்லை, ஒரு வாரத்துக்குள் நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில் அடித்திருந்தது.

முத்துவடிவு சித்திரை மாதம் இறந்துபோனாள். மூளைக்காய்ச்சல். தென்காசி ஆஸ்பத்திரியில், தாணு கட்டிலருகே இல்லாமல் போன கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. இப்போது ஆடி. மாதம் தவறாமல் அவளுக்கு நோட்டீஸ் வந்துகொண்டிருக்கிறது. அதை அடித்து அனுப்புவது அவன் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்தான்.

மேலகரத்திலிருந்து மில்லுக்குச் சைக்கிளில் போகிற வழியெல்லாம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டே போனான். திரிகூடம் ஸ்பின்னிங் மில் ஆய்க்குடி ரோட்டில் இருந்தது. அதில் ஏ.சி. போட்ட அறை ஒன்றே ஒன்று, கம்ப்யூட்டர் அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் டெர்மினல்களின் நெற்றியில் அடுத்த ஆயுத பூஜை வரை இருக்கும். அவற்றுக்குக் கீழே கறுப்புக் கண்ணாடியில் பச்சை எழுத்து மினுங்கும். கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்த தாணு அந்த அறைக்குப் புரோகிராமராக வந்தது எண்பத்தைந்தில். முத்துவடிவு அதற்கு முன்பே அங்கே இருந்தாள்.

எழுபத்து மூன்றிலிருந்து மில்லில் அட்டைதான். ஒரு தொழிலாளிக்கு ஒரு அட்டை. அட்டையில் எண்பது கட்டம். டோக்கன் நம்பர், பெயர், பிரிவு, ஷிப்டு எல்லாவற்றையும் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, மரப்பெட்டியில் அடுக்கி, கொல்லம் மெயிலில் ஏற்றிவிடுவார்கள். மெட்ராஸில் ஒரு கம்பெனி அதை மெஷினில் போட்டு, சம்பளப் பட்டியலாக அடித்துத் திருப்பி அனுப்பும். அட்டை குத்துகிற பெண்களில் ஒருத்தி முத்துவடிவு. எண்பத்தைந்தில் அதே கம்பெனி டெர்மினல்களைக் கொண்டுவந்து இறக்கியது. திரையிலும் வரிக்கு எண்பது எழுத்து. அட்டையில் இருந்ததையே கண்ணாடியில் ஏற்றிவைத்து, நவீனம் என்று பெயர் சூட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தத் திரையோடு முதல் நாளிலிருந்தே முத்துவடிவு மல்லுக்கட்டினாள். தப்பாக ஒரு எழுத்துப் பட்டால் மெஷின் கீய்யென்று கத்தும். 'தவறான பதிவு' என்று ஒரு வரி வரும். அதுவரை அடித்ததெல்லாம் அழிந்துபோகும். எது தவறு என்று சொல்லாது.

"எது தப்புன்னு சொல்லத் தெரியல, சத்தம் மட்டும் போடுது. எங்க ஹெட்மாஸ்டர் மாதிரி," என்றாள் புதிதாக வந்த புரோகிராமரிடம்.

தாணு அதை மாற்றிக் கொடுத்தான். மறுநாளே அடுத்த குறையோடு வந்து நின்றாள். வேலையிலிருந்து ஆளை எடுக்கிற திரையில் டோக்கன் நம்பரைப் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், ஆள் காலி. ஒருத்தி நம்பரை மாற்றிப் போட்டுவிட, நூல் பிரிவில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் சம்பள நாளன்று ஜன்னலுக்கு வந்து, தான் மில்லிலேயே இல்லை என்று தெரிந்துகொண்டார். முத்துவடிவு கொதித்துப்போனாள். நம்பரையா வெளியே அனுப்புகிறோம், ஆளையல்லவா, பேரை முழுசாகக் காட்டு, என்ன ஆகப்போகிறது என்று சொல், நிச்சயந்தானா என்று ஒரு வார்த்தை கேள் என்று வரிசையாகச் சொன்னாள். தாணு எல்லாவற்றையும் செய்தான். திரையை மூடுவதற்கு ஒன்பதாம் நம்பரில் 'வெளியேறு' என்று இருந்ததையும் அவள் விடவில்லை.

"வீட்டவிட்டுப் பொறப்படுதவன் போறேன்னா சொல்லுவான்? போயிட்டு வாறேன்னு போடுங்க."

ஆங்கில எழுத்தில் அதையும் போட்டான். பர்சனல் ஆபீசர் வல்லிநாயகம் பார்த்துச் சத்தம் போடும் வரை ஒரு வாரம் அது திரையில் இருந்தது. அவளைப் பற்றி விசாரித்தால் தாணுவுக்குத் தூரத்துச் சொந்தம், முறையும் சரியாக வந்தது. கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து அவன் அத்தான் ஆனான். திரையைப் பற்றிய சண்டை மட்டும் வீட்டு அடுக்களை வரை வந்து தொடர்ந்தது.

அந்தத் திரையிலேயே இப்போது அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு ஒருவர் போனால் காரணம் கேட்கும். நான்கே நான்கு காரணம். ஒன்று, ராஜினாமா. இரண்டு, ஓய்வு. மூன்று, நீக்கம். நான்கு, சொல்லாமல் ஓடிப்போனவர். நாலில் ஒன்றை அமுக்காமல் அது நகராது. டெர்மினல் வந்தபிறகு வேலையில் இருக்கும்போதே இறந்தவர் மில்லில் அவள்தான் முதல். அவள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் நூர்நிஷாவிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் முத்துவடிவின் பெயரை எடுப்பாள், நாலு வரியையும் பார்ப்பாள், மூடிவிடுவாள். மூடிவிட்டால் அவள் இன்னும் வேலையில் இருக்கிற ஆள். வேலையில் இருக்கிற ஆள் வராவிட்டால் மெஷின் நோட்டீஸ் அடிக்கும். பியூன் கொண்டுபோய்த் தபாலில் போடுவார்.

"என்னால முடியலண்ணே. எந்த நம்பரத் தொட்டாலும் பொய்யாயிருது," என்றாள் நூர்நிஷா.

தாணு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வல்லிநாயகத்தின் அறைக்குப் போனான்.

வல்லிநாயகம் கெட்டவரில்லை. துஷ்டிக்கு முதலில் வந்தவர்களில் ஒருவர். மாலை போட்டார், சுடுகாடு வரை நடந்தார். நோட்டீஸைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. தபாலில் போனது தனக்குத் தெரியாது என்றார். அது உண்மையாகக்கூட இருக்கலாம். அவருடைய ரப்பர் ஸ்டாம்பை இப்போது யாரும் அவரைக் கேட்டுக் குத்துவதில்லை.

"இங்க பாரும் தாணு. மாசக் கடைசி. சர்க்காருக்கு ரிட்டர்ன் போவணும். நாலப் போட்டு முடிச்சுவிடச் சொல்லும் அந்தப் பிள்ளைய. இனிமே நோட்டீஸும் வராது."

"அவ ஓடிப்போகல சார்."

"அது யாருக்கு வே தெரியாது? ஊரே சேந்துல்லா எடுத்துச்சு. மெஷின்ல ஒரு நம்பர். அதப் போயி பெருசா எடுத்துக்கிட்டு."

"அப்ப அஞ்சாவதா ஒரு வரி சேக்குதேன். நீங்க கையெழுத்துப் போடுங்க."

வல்லிநாயகம் நிமிர்ந்து பார்த்தார். என்ன வரி என்று தெரிந்தும் கேட்டார். தாணு சொன்னான்.

"நல்லா இருக்குவே. காலையில குளிச்சு, பூ வச்சு வந்து உக்காருதுவ. கல்யாணம் ஆவாத பிள்ளையளும் இருக்கு. கண்ண முழிச்சதும் சாவுன்னு ஒரு வரி முன்னால நிக்கணுமாக்கும்? சந்தனம் குங்குமம் வச்ச மெஷினு."

"ஓடிப்போனவன்னு நிக்கலாமா?"

"அது நடக்கதுதான?"

"இது நடக்காததா?"

வல்லிநாயகம் கையை விரித்தார். மெட்ராஸ் கம்பெனியிடம் கேளும், அவர்கள் போட்டது, அவர்களே மாற்றட்டும் என்று பேச்சை முடித்தார். தாணு நோட்டீஸை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தான். அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டான். லைன் கிடைக்க மத்தியானம் ஆனது. கம்பெனியில் ராமசேஷன் என்பவர் எடுத்தார், இந்தத் திரைகளையெல்லாம் எழுதியவர். தாணு முதல் வாக்கியத்திலேயே கத்தினான். நாலு விதமாகத்தான் மனிதன் வேலையை விட்டுப் போவானா, உங்கள் ஆபீசில் யாரும் சாகிறதில்லையா என்று கேட்டான். ராமசேஷன் கோபப்படவில்லை. ஃபைலை எடுத்துவரச் சொல்லிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"நாங்க சொந்தமா ஒண்ணும் எழுதலை சார். உங்க கார்டுல எண்பதாவது கட்டம் அது. அதுல நாலு ஓட்டைதான் இருந்தது. உங்க பஞ்சிங் ரூம் சூப்பர்வைசர் நாறும்பூநாதன்தான் நாலையும் சொன்னார். வேற ஏதாவது உண்டான்னு நான் ரெண்டு தடவை கேட்டேன்."

அப்புறம் ஆறுதலாகச் சொல்லுவதாக நினைத்தோ என்னவோ, இனிமேல் வரப்போகிற மெஷினில் இந்த நம்பர்த் தொந்தரவே இருக்காது, எல்லாம் படமாக வரும், எலி மாதிரி ஒன்றைக் கையால் நகர்த்திப் படத்தைத் தொட்டால் போதும், நானே கண்காட்சியில் பார்த்தேன் என்றார். சாவுக்கு என்ன படம் போடுவீர்கள் என்று கேட்டுவிட்டு தாணு போனை வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குச் சைக்கிளை மிதித்தான். நாறும்பூநாதன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மெயின் அருவிக்குப் போகிற வழியில் மருமகனின் எண்ணெய்க் கடையில் உட்கார்ந்திருந்தார். நல்ல சீசன். அருவி இரைச்சல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. எண்ணெய் தேய்த்த உடம்புகள் வழியை அடைத்துக்கொண்டு வரிசையில் நின்றன. ஒரு குரங்கு யாருடைய சோப்பையோ கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. தாணு வழியெல்லாம் சொற்களைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தான். மறந்துவிட்டேன் என்பார், அல்லது மெட்ராஸ்காரன்மேல் போடுவார். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தான். நாலைச் சொன்னவர் சாவை மட்டும் எப்படி மறந்தீர்கள் என்று கேட்டான்.

நாறும்பூநாதன் இரண்டையும் சொல்லவில்லை.

"மறக்கதுக்கு என்ன இருக்கு? சாவுக்கு ஓட்டையே கெடையாதுல்லா," என்றார்.

தாணுவுக்குப் புரியவில்லை. அவர் கடைப்பலகையில் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"செத்தவங்க அட்டையில போயி ஓட்டை போடலாமா தம்பி? குத்துத பிள்ளையளுக்கு மனசு கேக்குமா? நான் வந்ததும் முதல்ல அத நிறுத்துனேன். ஆளு தவறிட்டாவன்னு சேதி வந்தா, நானே போயி பெட்டியிலேருந்து அட்டைய எடுத்துருவேன். மெட்ராசுக்கு அனுப்ப மாட்டேன். மஞ்சநூலச் சுத்தி சாமி படத்துக்குப் பின்னால வச்சிருவேன். வருசம் முடிஞ்சதும் சித்தாத்துல விட்டுட்டு ஒரு முழுக்குப் போடுவேன். நம்ம மில்லு ஆளுக ஒருத்தருக்குக்கூட செத்தப்பொறவு ஓட்டை விழுந்தது கெடையாது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அதைத்தான் தாணுவால் தாங்க முடியவில்லை. இந்த மனிதர் செய்தது நல்ல காரியம். அட்டையாக இருந்தவரை அது நல்ல காரியம். அட்டையைக் கையால் எடுக்கலாம். கண்ணாடிக்குள் இருப்பதை யார் கையால் எடுப்பது? மெட்ராஸ்காரன் வந்து ஆட்கள் எப்படியெல்லாம் போவார்கள் என்று கேட்டபோது, ஓட்டை இருந்த நாலையும் இவர் சொல்லியிருக்கிறார். ஐந்தாவதை வாயால் சொல்லவும் கூசியிருக்கிறார். மெட்ராஸ்காரன் நாலை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

"உங்க மஞ்சநூலெல்லாம் சரி அண்ணாச்சி. இப்ப அவ ஓடிப்போனவன்னு வருது. மெஷினு மாசாமாசம் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பிக் கேக்குது."

நாறும்பூநாதனுக்கு அது எப்படி என்று விளங்க வெகுநேரம் ஆனது. தாணு இரண்டு தடவை சொன்னான். விளங்கியதும் அவர் எண்ணெய்ப் பாட்டில்களை நேராக அடுக்கத் தொடங்கினார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன. முத்துவடிவு கையில் அட்டை பூ மாதிரி விழும், அவளைப் போல ஒருத்தி கிடையாது என்று எதையோ சொல்லிக்கொண்டு போனார். அப்புறம் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"வந்ததுதான் வந்திய. தண்ணி நல்லா விழுது. எண்ணெய தேச்சு ஒரு குளி குளிச்சிட்டுப் போங்க தம்பி."

"என்னையக் குளிக்கச் சொல்லாதிய."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று தாணுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நடந்தான். திட்டுவதற்கு ஒருவரைத் தேடி வந்தவனுக்கு எல்லோரும் நல்லவர்களாகவே கிடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவளுக்கு மரியாதை செய்திருந்தார்கள். அந்த மரியாதையெல்லாம் சேர்ந்துதான் அவளை ஓடுகாலி ஆக்கியிருந்தது.

திங்கட்கிழமை காலை அவன் யாரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய், முத்துவடிவின் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் போனபிறகு அதில் யாரும் உட்காரவில்லை, அதற்கும் இதே மரியாதைதான் காரணம். புரோகிராமை எடுத்தான். நாலு என்று இருந்த இடத்தில் ஐந்து என்று மாற்றினான். நான்காவது வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தான். அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை, காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. ஐந்து, இறந்தவர். காலமானார், இறைவனடி சேர்ந்தார் என்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் சொற்கள் இருந்தன. அவன் இறந்தவர் என்றே போட்டான். நூர்நிஷா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வல்லிநாயகம் செருப்போடு உள்ளே வந்தார்.

"எடும்வே அத. யாரு உமக்குக் கையெழுத்துப் போட்டது?"

"யாரும் போடல."

"கம்பெனிக்காரன் ஒப்பந்தத்துல கை வச்சுட்டீரு. முதலாளி கேட்டா நான் என்னத்தச் சொல்ல? எடுத்துட்டு நாலப் போடும்."

தாணு எழுந்தான். நாற்காலியை அவர் பக்கம் திருப்பினான்.

"நீங்களே போடுங்க சார். நாலுதான? உக்காருங்க. டோக்கன் நம்பர் நான் போட்டுத் தாறேன். ஒரு நம்பர், அவ்வளவுதான? நீங்களே சொன்னிய."

பெண்கள் எல்லோரும் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏ.சி. மட்டும் உறுமியது. தாணு டோக்கன் நம்பரை அடித்தான். வல்லிநாயகம் உட்காரவில்லை. ஆனால் பின்வாங்கவும் முடியவில்லை, அத்தனை பேர் பார்க்கிறார்கள். இத்தனை வருடத்தில் அவர் ஒரு பொத்தானையும் தொட்டதில்லை. குனிந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, தேடிக் கண்டுபிடித்து நாலை அமுக்கினார்.

மெஷின் கத்தவில்லை. திரை காலியானது. நடுவில் பச்சை எழுத்தில் மூன்று வரி வந்தது.

தா. முத்துவடிவு.
சொல்லாமல் ஓடிப்போனவர்.
நிச்சயந்தானா?

கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் விட்டு விட்டு மினுங்கியது. ஆம் என்றால் ஒரு எழுத்து, இல்லை என்றால் இன்னொரு எழுத்து. அது கேட்டுக்கொண்டே இருந்தது.

வல்லிநாயகத்தின் விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். அவர் அந்தத் திரையை இதுவரை பார்த்ததில்லை. அதை யார் கேட்டு வாங்கி வைத்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அன்றைக்கு அதற்காக அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கண்டித்தவரும் அவர்தான், ஒரு வேலையை இரண்டு வேலை ஆக்குகிறாள் என்று.

விரலை மடக்கிக்கொண்டார்.

"என்னமும் செய்யும்," என்றார். போகும்போது செருப்பைப் பார்த்தார், கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

தாணு இல்லை என்பதற்கான எழுத்தை அடித்தான். திரும்பவும் ஐந்து வரி. ஐந்தை அமுக்கினான். பெயர் வந்தது, இறந்தவர் என்று வந்தது, நிச்சயந்தானா என்று வந்தது. இதற்காகத்தான் இத்தனை நாள் எல்லோரிடமும் சண்டை போட்டான். இப்போது கட்டம் மினுங்குகிறது, கை எழவில்லை. ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா உங்கள் மெஷின் என்று சண்டை பிடித்தவள் கேட்கவைத்த கேள்வி. இந்தத் தடவை அவனைத் தவிர வேறு யாரையும் அது கேட்கவில்லை.

"நான் அடிக்கட்டாண்ணே?" என்றாள் நூர்நிஷா.

வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஆம் என்று அடித்தான். திரை ஒரு தடவை கண்ணை மூடித் திறந்து அடுத்த டோக்கன் நம்பரைக் கேட்டது.

கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று ஊரில் பல பேச்சு இருந்தது. முருகா என்றாளாம். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அத்தானைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாளாம். சொன்னவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. காய்ச்சல் கண்டதிலிருந்து கட்டிலருகே இருந்தவன் அவன்தான். அன்று காலை காய்ச்சல் இறங்கினாற்போலிருந்தது. அவள் கண்ணைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு வாங்க அத்தான், சட்டை நாறுது. நான் ஒண்ணும் ஓடிப் போயிர மாட்டேன்."